கண்மைக்கும் சோதனை வேண்டும்

ஆசிரியருக்கு,

அழகுப் பொருள்களை விலங்குகள் மேல் சோதிப்பதற்கு 2014இல் இந்தியா விதித்த தடையை ஆதரிக்கும் தங்கள் கட்டுரையை முழுமனதோடு ஏற்கிறேன். தடையால் கண்ணுக்கான பாதுகாப்பு குறையும் என்போர் உண்டு, அது சரியன்று. 1944இல் அறிமுகமான டிரெய்ஸ் சோதனையில் முயலின் கண்ணெரிச்சலைப் பார்த்தே மதிப்பெண் இட்டார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறியது. இன்று மனிதச் செல்களிலிருந்து வளர்த்த கருவிழித் திசுவில் செய்யும் சோதனைகளுக்கு உலக அங்கீகாரம் உண்டு. ஆனால், எந்த எரிச்சல் சோதனையும் கண்ணில் இடும் மைப்பொடியான சுர்மா சிலவற்றில் கலந்திருக்கும் காரீயத்தைக் காட்டாது. அதற்கு வேதிப் பகுப்பாய்வுதான் வழி. எனவே காரைக்காலில் மாங்கனித் திருவிழாக் கடைகளில் விற்பனைக்கு வரும் முன்பே, உரிம எண் இல்லாத கண்மை, சுர்மா மாதிரிகளைப் புதுச்சேரி அரசு சோதித்து, முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும்.

– வாசகர், காரைக்கால்