போனைப் பிடுங்கினால் பிள்ளை தப்பிவிடுமா?

எங்கள் கம்மாபுரம் கடைத்தெருவில் பிள்ளைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: "புள்ள கையில போனக் குடுத்ததுதான் தப்பு. பிடுங்கி வச்சிட்டா எல்லாம் சரியாப் போயிடும்." சொல்பவர்களின் பயம் நியாயமானது. ஆனால் அவர்கள் சொல்லும் வழிதான் பிள்ளையை இன்னும் பெரிய ஆபத்தில் தள்ளுகிறது.

முதலில், எந்தப் போனைப் பிடுங்குவது? பீங்கான் தொழிற்பேட்டைக்கோ நெய்வேலிக்கோ வேலைக்குப் போகும் பெற்றோர் வீடு திரும்ப இருட்டிவிடும். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் அப்பா பிள்ளை முகம் பார்ப்பதும் அதே போனில்தான். நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களிடம் 2023இல் நடந்த ஏசர் என்ற கல்வி ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் சுமார் 44 சதவீதம் பேருக்குச் சொந்தப் போன் இருந்தது. பெண்பிள்ளைகளில் சுமார் 20 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. ஆனால் போன் பயன்படுத்தத் தெரிந்த பெண்பிள்ளைகளில், ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் சமூக ஊடகம் பார்த்தவர்கள் சுமார் 88 சதவீதம். அம்மா போன், அண்ணன் போன், தோழி போன் என்று ஏதோ ஒன்று கிடைத்துவிடுகிறது. அந்த ஆய்விலேயே, சமூக ஊடகம் பயன்படுத்துபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் அதன் பாதுகாப்பு அமைப்புகள் தெரிந்திருந்தன. பிடுங்கிவைத்த வீட்டில் அதைச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?

"பயம் இருந்தாத்தான் புள்ளைங்க ஒழுங்கா இருக்கும்" என்பது அடுத்த வாதம். இதைத்தான் நான் முழுமூச்சாக மறுக்கிறேன். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுகிறவனுக்கு முதலீடே அந்தப் பயம்தான். "உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு இன்னொரு படம் கேட்கிறான், பணம் கேட்கிறான், தனியே வரச் சொல்கிறான். வீட்டுக்குத் தெரிந்தால் அடி விழும், படிப்பு நிற்கும், அவசரக் கல்யாணம் நடக்கும் என்று நம்பும் பெண் அவன் சொல்வதையெல்லாம் செய்வாள்.

பொள்ளாச்சி வழக்கு இதைத்தான் காட்டியது. முகநூலில் நட்பாகப் பேசி, வரவழைத்து, வீடியோ எடுத்து மிரட்டிய கும்பலால் பல பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். வீட்டுக்குப் பயந்து, ஊருக்குப் பயந்து அவர்கள் வாய் திறக்கவில்லை. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி வீட்டாரிடம் சொன்னாள், வீட்டார் அவள் பக்கம் நின்றார்கள், புகார் பதிவானது. அதற்குப் பிறகும், அவள் அடையாளத்தை வெளியிட்டது காவல்துறையே. அதற்காக அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் அந்தக் கும்பலில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகள் அல்ல, இளம்பெண்கள் என்பீர்கள். கல்லூரிப் பெண்ணுக்கே வாய் திறக்க அவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்றால், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்?

"யாரோ வெளியாள்தான் ஏமாத்துவான்" என்பதும் சரியல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றவாளி பிள்ளைக்குத் தெரிந்தவன் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. தெரிந்தவனுக்கும் போன் ஒரு வாசல்தான். பையனுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். விளையாட்டின் பேரில் அப்பாவின் கூகுள் பேயிலிருந்து பணம் கரைவதும், அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டப்படுவதும் பையன்களுக்கும் நடக்கிறது. அழுதால் "ஆம்பளப் புள்ள அழலாமா" என்று கேட்கிற ஊரில் அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

பிள்ளையின் போனைப் பார்த்துப் பதறும் நாம் நம் போனைப் பார்ப்பதில்லை. மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பெண்ணின் முகத்தைப் பெரிதாகப் போட்டு பேனர் வைக்கிறோம். பெயர், தகப்பன் பெயர், தெரு, மண்டபம், தேதி எல்லாம் அதில் இருக்கும். அதையே மாமா ஸ்டேட்டஸில் வைக்கிறார், சித்தப்பா முகநூலில் போடுகிறார், ஸ்டுடியோக்காரர் பாட்டுச் சேர்த்து யூடியூபில் ஏற்றுகிறார். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் பருவமடைந்த செய்தி, படத்தோடும் முகவரியோடும் முன்பின் தெரியாதவர்களின் கைக்குப் போய்விடுகிறது. சாதாரணப் படத்தை நிமிடத்தில் ஆபாசப் படமாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்ட காலம் இது. அவளிடம் யாராவது சம்மதம் கேட்டோமா? சடங்கை வையுங்கள், சீர் செய்யுங்கள். பேனரையும் பதிவையும் விட்டுவிடுங்கள்.

"கவர்மெண்டு தடை பண்ணிட்டாப் போதும்" என்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. டிக்டாக்கைப் பதிவிறக்கத் தடை செய்யும்படி 2019 ஏப்ரல் 3 அன்று இதே மதுரைக் கிளை உத்தரவிட்டது. 24ஆம் தேதி அதுவே விலக்கிக்கொண்டது. 2020 ஜூனில் மத்திய அரசு முழுதாகத் தடுத்தது. அதில் ஆடிய பிள்ளைகள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்குப் போனார்கள். ஃபேமிலி லிங்க் போன்ற பூட்டுச் செயலி சின்னப் பிள்ளைக்கு உதவும், போட்டுவையுங்கள். ஆனால் தோழியின் போனுக்கு நீங்கள் பூட்டுப் போட முடியாது.

அசம்பாவிதம் நடந்துவிட்டால் பணம் கொடுக்காதீர்கள், மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள், படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். பணம் போயிருந்தால் உடனே 1930. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், குழந்தைகளின் ஆபாசப் படம் குறித்து உங்கள் பெயரைச் சொல்லாமலே புகார் தரலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை உண்டு; அதற்குப் படத்தை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டுமே என்று தயங்காதீர்கள். போக்சோ சட்டப்படி வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோதான் பதிய வேண்டும். வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. அடையாளம் ஊடகத்துக்குப் போகக் கூடாது.

ஆனால் இத்தனை கதவும் பிள்ளை வந்து சொன்னால்தான் திறக்கும். ஆகவே இன்று ராத்திரி சோறு போடும்போதே உங்கள் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: "போன்ல எது நடந்தாலும் முதல்ல என்கிட்ட வா. அடிக்க மாட்டேன், படிப்ப நிறுத்த மாட்டேன், போனையும் பிடுங்க மாட்டேன்."