கேஸும் கிணறும்

பெங்களூர் பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பள்ளிகொண்டா என்றால் டோல்கேட். கொஞ்சம் பக்தி உள்ளவர்களுக்குப் பாலாற்றங்கரையில் படுத்திருக்கும் ரங்கநாதர். எனக்குச் சொந்த ஊர். போன வாரம் அதன் டீக்கடை பெஞ்ச் ஒரு எம்.பி.ஏ. வகுப்பாக மாறியது.

பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காலேஜில் 'கேஸ் ஸ்டடி' எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒரு கம்பெனியின் நிஜச் சிக்கலை நாலு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுத்து, 'நீதான் முதலாளி, இப்ப என்ன பண்ணுவே?' என்று கேட்கும் சமாசாரம். விடை பின்பக்கத்தில் இருக்காது. (டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆனால் ஜென்மம் சாபல்யம் என்று வளர்க்கப்பட்ட என்னைப் போன்ற பி.காம்.களுக்கு இதுவே அதிர்ச்சி.) 1921-ல் ஹார்வர்டில் எழுதப்பட்ட முதல் கேஸ் எதைப் பற்றித் தெரியுமோ? ஒரு ஷூ கம்பெனி! ஆம்பூர்க்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். 1961-ல் ஆமதாபாத் ஐ.ஐ.எம். பிறந்தபோது ஹார்வர்டோடு கைகோத்ததில் இந்தப் பாடமுறை இந்தியாவுக்கு வந்தது.

"உள்ளூர் கேஸ் ஒண்ணு குடுண்ணா" என்றான் பையன். கொடுத்தேன்.

1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். நவம்பர் 30-க்குள் கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மூடு. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவு என்று தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. உன்னுடையது சின்ன ஷாப். என்ன செய்வாய்?

பையன் பேப்பரில் மூன்று கட்டம் போட்டான். சொந்தமாக பிளான்ட் கட்டுவது, பத்துப் பேரோடு பொது பிளான்டில் பங்கு போடுவது, பூட்டைத் தொங்கவிடுவது. "பங்கு போடறதுதாண்ணா பெஸ்ட். செலவும் பிரிஞ்சுடும், ஏற்றுமதியும் நிக்காது." நல்ல பதில்தான். அன்றைக்கு நிறையப் பேர் செய்ததும் அதுதான்.

"சரி, உப்பு?" என்றேன்.

பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பில் போட்டுத்தான் வரும். முதல் கழுவலிலேயே அத்தனையும் தண்ணீரில் கரைந்துவிடும். அந்தக் கால பொது பிளான்ட் குரோமியத்தைப் பிடித்து வைக்கும், அழுக்கைக் குறைக்கும். கரைந்த உப்பு மட்டும் ஹாயாக வெளியே நடந்துவிடும். அதற்காகப் பின்னால் ஆர்.ஓ. மெஷின் வந்தது, ஆவியாக்கும் மெஷின் வந்தது, ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்று விதி வந்தது. தண்ணீர் திரும்பக் கிடைத்தது. மிச்சமான கலப்பு உப்பு? யாருக்கும் வேண்டாம். மூட்டையாகக் கட்டி அடுக்கினார்கள். ஒரு கேஸின் விடைதான் அடுத்த கேஸின் முதல் பாரா. இதைப் புத்தகத்தில் சொல்லித் தருகிறார்களா என்றால் அனேகமாக இல்லை. பெல் அடித்துவிடும்.

பெஞ்சின் மறுகோடியில் பெரியவர் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, இவ்ளோ நேரம் கேஸு கேஸுன்றியே, அதுல எங்கெணறு எங்க கீது?"

பையன் விழித்தான். பிறகு தைரியமாக, "அது எக்ஸ்டர்னாலிட்டி, தாத்தா" என்றான்.

"அப்டீன்னா இன்னா?"

"கணக்குக்கு வெளியில இருக்கறது."

"வெளியிலதான் கீது. கெணத்த ஊட்டுக்குள்ளயா வெட்டுவாங்க?"

டீ மாஸ்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோல் ஷாப் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்னதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அத்தனை கிணறும் பையனின் கட்டத்துக்கு வெளியே!

கேஸ் ஸ்டடியில் எனக்குள்ள ஒரே சண்டை இதுதான். உட்காரச் சொல்வது எப்போதும் எம்.டி. நாற்காலியில். "இப்ப தாத்தாதான் முதலாளி. ரெண்டு ஏக்கர், உப்புக் கிணறு. கட்டம் போடு" என்றேன்.

"கேஸ் போட வேண்டியதுதானே, தாத்தா?"

"போட்டாங்க, தீர்ப்பும் வந்துச்சி. மருமவ ஷூ கம்பெனிக்குத்தான் போவுது. அந்தச் சம்பளத்துலதான் உலை கொதிக்குது. கம்பெனிய மூடச் சொல்லவா, கெணத்த மூடவா? நீயே சொல்லு."

பையன் பேனாவை மூடிவிட்டான். 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டதைச் சொன்னேன். அவன் விரல்விட்டு எண்ணினான். முதல் தீர்ப்பு வந்து இருபத்தெட்டு வருஷம் தாண்டிவிட்டது. இவன் அப்போது பிறக்கவேயில்லை.

"இத எழுதுனா எவ்ளோ மார்க்கு?" என்றார் பெரியவர்.

"இருபது, தாத்தா. ஆனா நாலு பக்கத்துக்கு மேல போகக்கூடாது."