பேர் நிற்கும் நாளுக்கு முன்பே

ஓய்வு என்றதும் தோட்டத்தில் நாம் பேசுவது பணத்தைப் பற்றித்தான். ஈ.பி.எப். எவ்வளவு வரும், சேவைக்காலப் பணம் எப்போது கைக்கு வரும் என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பணம் வந்த பிறகு விடியும் முதல் திங்கட்கிழமையை எப்படிக் கழிப்பது என்று யாரும் கேட்பதில்லை. முப்பது நாற்பது வருடம் விடியற்காலையில் பிரட்டுக்கு நடந்த கால்கள் அன்று போக இடமில்லாமல் இஸ்தோப்பில் நிற்கின்றன. இதைப் பற்றியும் சங்கம் பேச வேண்டும் என்பதே நமது கருத்து.

வேலை நின்றால் சம்பளம் மட்டும் நிற்பதில்லை. கொழுந்து மலையில் பக்கத்து நிரையில் நின்று பேசிய தோழிகளும் தூரமாகிவிடுகிறார்கள். பத்து மணித் தேத்தண்ணிக்கு ரொட்டியைப் பகிர்ந்தது, மடுவத்தில் நிறுவைக்கு நிற்கும்போது ஒருவர் கஷ்டத்தை ஒருவர் கேட்டது, தராசில் கழிவு கூடினால் சேர்ந்து குரல் கொடுத்தது எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. கவ்வாத்துக்கும் முள்ளுக்குத்தவும் மருந்தடிக்கவும் சேர்ந்து போன ஆண்களுக்கும் இதே நிலைதான். செக்ரோலில் பேர் இருக்கும்வரை ஒரு மரியாதை இருந்தது. பேர் நின்றதும், "இனி உங்களுக்கு என்ன வேலை?" என்று வீட்டுப் பிள்ளைகளே கேட்கிறார்கள்.

நம் லயங்களைச் சுற்றிப் பாருங்கள். வேலை நின்ற ஆண்களில் சிலர் ஒரு வருடத்துக்குள் சாராயக் கடைக்கு வழக்கமாகப் போகிறவர்கள் ஆகிவிடுகிறார்கள். பெண்களுக்கோ ஓய்வு என்பதே இல்லை. மகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போயிருக்க, பேரப்பிள்ளைகள், சமையல், விறகு, தண்ணீர் எல்லாம் பாட்டி தலையில் விழுகின்றன. சம்பளமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. மொத்தமாக வந்த பணம் நகை மீட்கவும், கல்யாணக் கடன் அடைக்கவும், மகனின் முச்சக்கர வண்டிக்கு முற்பணம் கட்டவும் போய்விடுகிறது. பிறகு அதே அம்மா கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க மறுபடியும் மலை ஏறுகிறார்.

கணக்கு தெரிய வேண்டும்

மனதைத் தயார்ப்படுத்துவதற்கும் கணக்குத் தெரிவதற்கும் தொடர்பு உண்டு. என்ன வரும் என்று தெரியாதவருக்குப் பயம் அதிகம். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம்.

2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் துறைத் தொழிலாளரின் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஊழியர் சேமலாப நிதியில் நம் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தோட்டத்திடமிருந்து 12 வீதமும் சேர்கின்றன. வேலையை விட்டு நின்றால் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதை எடுக்கலாம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடமாவது வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்குச் சேவை வருடம் ஒன்றுக்கு 14 நாள் சம்பளம் தர வேண்டும். கடைசிச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபா, சேவை 30 வருடம் என்று வைத்துக்கொண்டால் 5,67,000 ரூபா. அதை வேலை நின்ற 30 நாட்களுக்குள் தர வேண்டும். பிந்தினால் மேலதிகப் பணமும் சேர்த்துத் தர வேண்டும்.

பார்க்கப் பெரிய தொகை. ஆனால் அறுபது வயதில் நிற்பவர் எண்பதுவரை இருந்தால், அந்த 5,67,000 ரூபாவை இருபது வருடத்துக்குப் பிரித்துப் பாருங்கள். மாதம் 2,400 ரூபாகூட வராது. நமக்கு மாதாமாதம் வரும் ஓய்வூதியம் கிடையாது. ஆகவே இந்தப் பணம் யாருக்கு, எதற்கு என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுக்க வேண்டியது காசு வந்த அன்று அல்ல. அதற்கு நான்கைந்து வருடத்துக்கு முன்பே பேச வேண்டும்.

கிடைக்கும் ஓய்வைப் பழகும் நாளாக்குவோம்

எப்போது பேசுவது? நமக்குக் கிடைக்கும் சின்னச் சின்ன ஓய்வுகளில்தான். ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, தைப்பொங்கல், தீபாவளி, தோட்டத்து மாரியம்மன் திருவிழா ஆகியவை நமக்கு இருக்கின்றன. ஹட்டன், டிக்கோயா பக்கத்தில் தை, மாசி மாத வெயிலிலும் நுவரெலியாப் பக்கத்தில் பனியிலும் கொழுந்து குறைந்து, வேலை நாட்களும் குறைகிற காலம் ஒன்று வருடா வருடம் வருகிறது. ஐம்பதைக் கடந்தவர்கள் இந்த நாட்களை வேலை நின்ற பிறகு வரப்போகும் வாழ்க்கைக்குப் பழகும் நாட்களாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். கூற்று மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். படித்த பிள்ளைகளை உட்கார வைத்துப் பாருங்கள். செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் வேறு பேர் என்பதால் மாதக்கணக்கில் அலைபவர்கள் நம் மத்தியில் உண்டு. பின்னுரித்தாளராக யார் பேர் கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கைக்காசு வேலைக்கு ஈ.பி.எப். பிடிக்கப்படுகிறதா என்று தலைவரிடம் கேளுங்கள்.

இன்னொரு விடுமுறையில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசுங்கள். அம்மா வேலை நின்றால் பேரப்பிள்ளையை யார், எத்தனை நாள் பார்ப்பது? அப்பாவின் மருந்துச் செலவு யாருடையது? இதைப் பேச வெட்கப்படத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு பிள்ளைகளுக்கு உண்டு என்று சொல்கிறது. பராமரிக்காவிட்டால் முறையிடுவதற்குப் பராமரிப்புச் சபையும் இருக்கிறது. அந்த இடம்வரை போகாமல் இருக்கத்தான் முன்கூட்டிப் பேசச் சொல்கிறோம்.

மூன்றாவது, மலைக்கு வெளியே ஓர் உறவு வட்டம். கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவில் உள்ள முதியோர் குழு ஆகியவற்றில் ஒன்றிலாவது ஐம்பது வயதிலேயே சேர்ந்துவிடுங்கள். அறுபதில் புதிதாகப் போய் உட்காரக் கூச்சம் விடாது. மாசியில் காமன் கூத்து வரும்போது தப்படிக்கவும் பாட்டெடுக்கவும் தெரிந்தவர்கள் பெரியவர்கள்தான். இரண்டு பையன்களுக்கு இப்போதே கற்றுக் கொடுக்கத் தொடங்கினால், பேர் நின்ற பிறகும் தேடி வர ஆள் இருக்கும். லயத்துப் பின்பக்கம் நாலு பாத்தி போஞ்சியோ கோவாவோ போடுபவருக்கும், ஒரு பசு வைத்திருப்பவருக்கும், விடிந்ததும் போக ஓர் இடம் இருக்கிறது.

"ஓய்வா, நமக்கா?"

இதைப் படிக்கும் தங்கைமார் கேட்பது நமக்குக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் வாரத்துக்குச் சாமான் வாங்கவும் சரியாகப் போகிறது. அது போதாதென்று கைக்காசுக்கும் போக வேண்டியிருக்கிறது. இதில் உட்கார்ந்து பேச நேரம் எங்கே?

கேள்வி உண்மையானது. ஓய்வு நாளையும் விற்றால்தான் வயிறு நிறையும் என்ற சம்பளம் இருக்கும்வரை ஓய்வுக்குத் தயாராகுங்கள் என்று புத்தி சொல்வது மட்டும் போதாது. சம்பளப் போராட்டம் ஓய்வு நாளுக்கான போராட்டமும்தான். ஆனால் துரைமாரிடம் கேட்க வேண்டியது ஒரு பக்கம் இருக்க, நம் வீட்டு ஆண்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. பல தோட்டங்களில் ஆண்களின் வேலை மத்தியானத்துக்குப் பிறகு முடிகிறது. பெண்கள் கடைசி நிறுவை முடிந்துதான் வீடு திரும்புகிறார்கள். அடுப்பையும் தண்ணீர்க் குடத்தையும் ஆண்கள் இப்போதே பகிரப் பழகினால் பெண்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும். வேலை நின்ற பிறகு ஆண்களுக்கும் வீட்டில் செய்ய ஒரு வேலை இருக்கும்.

சங்கம் செய்ய வேண்டியது

சர்வதேசத் தொழில் அமைப்பு 1980இலேயே மூத்த தொழிலாளர் பற்றிய 162ஆம் இலக்கச் சிபாரிசில், ஓய்வுக்கு முந்திய வருடங்களில் அதற்கான ஆயத்த நிகழ்ச்சிகளை நடத்த வேண்டும், அதில் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் பங்கெடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நம் தோட்டங்களில் அப்படி ஒரு நிகழ்ச்சியை எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

ஆகவே நாம் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். 57 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் தொழில் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் போய்வர வருடத்தில் இரண்டு நாள் பேரோடு லீவு தர வேண்டும். அந்த அலுவலகங்கள் ஞாயிறு திறப்பதில்லை, ஒரு நாள் போனால் நமக்கு ஒரு நாள் பேர் போகிறது. கொழுந்து குறைந்த மாதங்களில் மூத்தவர்களுக்குத் தோட்ட நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து அரை நாள் வகுப்பு நடத்த வேண்டும். சங்கக் கிளைகள் ஓய்வு பெற்றவர்களின் பேரை வெட்டாமல், சந்தா இல்லாத அங்கத்தவர்களாக வைத்து மாதக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். தராசிலும் கைக்கணக்கிலும் நாற்பது வருட அனுபவம் உள்ளவர்களை விட நல்ல ஆலோசகர் இளைய தலைவருக்குக் கிடைக்க மாட்டார்.

நான்காவது, வீடும் காணியும். பேர் நின்றால் காம்பரா நமக்கு இருக்குமா என்ற பயம் இருக்கும்வரை யாருக்கும் நிம்மதியான ஓய்வு இல்லை. உழைப்பவர் குடும்பத்தில் ஒருவர் தோட்டத்தில் பேர் போட்டே ஆக வேண்டும் என்ற நெருக்கடியும் அதனால்தான். உறுதியோடு கூடிய காணியும் வீடும் ஓய்வு பெறும் உரிமையின் ஒரு பகுதி என்றே நாம் பேச வேண்டும்.

ஒக்டோபர் 1 சர்வதேச முதியோர் தினம். அதற்கு முன் ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்தில் 55 வயதைக் கடந்தவர்களின் பட்டியலை எடுக்கட்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் அரை மணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்கி, பேர் நின்ற பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கட்டும். பதில் தெரியவில்லை என்று சொல்பவர்களோடுதான் நமது வேலை தொடங்க வேண்டும்.