ஐந்து வாட் அமைதியானதா?

ஐந்து வாட் வால்வு கிட்டார் ஆம்ப் வாங்கினால் வீட்டில் சத்தத் தொல்லையே இருக்காது என்கிறார்கள். கணக்கு உதைக்கிறது. 30 வாட்டை 3 ஆக்கினாலும் குறைவது 10 டெசிபல். காதுக்கு ஏறக்குறையப் பாதிச் சத்தம் மிஞ்சும். ஐயம்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய நெசவாளர் வீட்டில், தறி ஓய்ந்த இரவில், அந்தப் பாதியே பக்கத்து வீட்டைத் தட்டி எழுப்பும். சின்ன ஆம்ப் என்றால் சாது என்று பொருளல்ல: 1970இல் 'லைலா' ஆல்பத்துக்குக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பயன்படுத்தியதும் சின்ன ஃபெண்டர் சாம்ப் ஆம்ப்தான்.

ஆகவே மாஸ்டர் வால்யூம் உண்டா, சத்தத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் பொருத்தலாமா என்று பார்க்க வேண்டும்.

'வால்வு போனால் நாமே மாற்றலாம்' என்பதும் அரை உண்மை. ப்ரீஆம்ப் வால்வுக்குச் சரி. ஃபிக்ஸட் பயாஸ் ஆம்பில் பவர் வால்வை மாற்றினால் பயாஸை, அதாவது வால்வின் ஓய்வு மின்னோட்ட அமைப்பை, சரிபார்த்தாக வேண்டும். அணைத்த பின்னும் உள்ளே கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஆகவே பயாஸ் பார்ப்பது பழகிய மெக்கானிக்கின் வேலை.