வன்தட்டு மாற்றிய கதை

சென்ற வாரம் எமது மடிக்கணினியினின்றும் "டிக், டிக்" என்றோர் ஒலி எழுந்தது. நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும் வன்தட்டின் வாசிப்பு முனை பழுதுற்றமைக்கு அறிகுறி அது. மகன் மீண்டும் இயக்கிப் பார்க்க முனைந்தான், தடுத்தோம். முனை தட்டை உரசினால் எஞ்சியிருப்பதும் அழிந்துவிடலாம். அதனுள்ளே காலஞ்சென்ற அன்னையாரின் குரற்பதிவு இருந்தது. வேறு பிரதி இல்லை. (பிரதி எடுத்து வையுங்கள் என மாணவர்க்கு ஓயாது சொல்பவர் நாமே!)

மின்கலத்தை அகற்றி, திருகாணிகளைக் கழற்றி, 2.5 அங்குலத் தட்டை மெல்ல இழுத்தெடுத்தோம். சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினோம். பழையதன் தடிப்பு 9.5 மில்லிமீற்றர், புதியது 7. ஆடாதிருக்க அட்டைத் துண்டொன்றைச் செருகவேண்டியதாயிற்று. இயங்குதளத்தை நிறுவி முடிக்க விளக்கு வைக்கும் நேரமாயிற்று.

பழைய தட்டைத் துணியிற் சுற்றி அலுமாரியில் வைத்துள்ளோம். பதிவுகளை மீட்டுத் தருவோரிடம் கொடுக்கும் துணிவு இன்னும் வரவில்லை.