செப்பும் கம்பியும்: விருது அறிவிப்பின் மொழி

இளையோர் ரோபோட்டிக்ஸ் போட்டிகளில் விருது அறிவிப்பு தனியொரு எழுத்துவகை. 1989இல் டீன் கேமன் அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் போட்டிகளைக் கண்டவர்கள் அதன் வடிவத்தை அறிவார்கள். நடுவர் மேடையேறி, வென்ற அணியின் பெயரை மறைத்துவைத்து, அந்தப் பெயரைச் சுற்றியே சொல்விளையாட்டு நிகழ்த்துகிறார். அரங்கின் ஏதோ ஒரு மூலையில் சிலர் துள்ளத் தொடங்குகிறார்கள். எண்ணும் பெயரும் கடைசியில்தான் வருகின்றன. போட்டிப் பருவங்களின் பெயர்களிலும் இந்த விளையாட்டு உண்டு: 2021–22க்கான 'ஃபிரைட் ஃபிரென்சி', 'கார்கோ கனெக்ட்' இரண்டிலும் மோனை இருப்பதைக் கவனிக்கலாம்.

இது வெறும் வேடிக்கையன்று. நடுவர் குழு மூடிய அறையில் விவாதிக்கிறது. அதன் முடிவுக்கான காரணம் அரங்கினர் அனைவரின் காதிலும் விழுவது பெரும்பாலும் இந்த மூன்று நான்கு வாக்கியங்களில் மட்டுமே. தோற்ற அணிகளும் அவற்றைக் கேட்டுத்தான் தீர்ப்பை ஏற்கின்றன. அல்லது மனத்துள் மறுக்கின்றன.

அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கென, பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்கி, 10,000 ஆய்வகங்களை உருவாக்கியுள்ளது. மோட்டாரும் சென்சாரும் சிற்றூர்ப் பள்ளிகளை எட்டிவிட்டன. அறிவிப்பின் மொழியோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிற்கிறது. காட்பாடி–திருப்பதி இருப்புப்பாதையிலிருந்து தருமாவரம் பாதை பிரியும் பாகாலா போன்ற ஊரை எண்ணிப்பார்க்கலாம். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள் அப்பகுதியில் உண்டு. ஆங்கிலச் சிலேடை அவர்களுக்கு விளக்கவுரையோடு வரும் நகைச்சுவை. பக்கத்தில் இருப்பவர் சிரித்த பிறகு சிரிப்பது, பரிசு பெற்ற நாளிலும் ஒருவகை விருந்தாளித்தனம்தான்.

இத்தனைக்கும் இவ்வெழுத்துவகைக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழும் தெலுங்குமே இயல்பாகப் பொருந்துகின்றன. ஆங்கில அறிவிப்பாளர் பெயரை ஒளித்துவைக்க 'இந்த அணி', 'இந்த அணி' என்று வாக்கியந்தோறும் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் பெயரெச்சம் தான் தழுவும் பெயருக்கு முன்னே நிற்கும். 'மூன்று முறை கழன்ற சக்கரத்தை மூன்று முறையும் பூட்டி, நான்காம் முறை கழலாதபடி அச்சையே மாற்றி அமைத்த அணி' என்று எவ்வளவு நீட்டினாலும் பெயர் தன் இடமாகிய இறுதியில் காத்திருக்கும். தெலுங்கின் தொடரமைப்பும் இதுவே. விடுகதையும் இப்படித்தான் நடக்கிறது. அதைப் 'பிசி' என்று பெயரிட்டுச் செய்யுளியலில் இடம் தந்தது தொல்காப்பியம்.

சிலேடைக்கு அளவுகோல் தேடுபவர்கள் காளமேகத்திடம் போகலாம். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அவர் பொருத்தும்போது, சொல்லப்படும் ஒவ்வொரு பண்பும் இரண்டுக்கும் மெய்யாகப் பொருந்துகிறது. போட்டி மேடைகளில் கேட்கும் பல சொல்விளையாட்டுகள் இந்தத் தேர்வில் தேறா. 'ராக்கெட்' என்ற பெயருள்ள அணியை 'விண்ணில் பாய்ந்தது' என்பதில் பெயர் இருக்கிறது, காரணம் இல்லை. அடுத்த ஆண்டு அதே பெயரில் எந்த அணி வந்தாலும் அதே வரி செல்லும்.

மாறாக, சுற்று நடுவே மின்னிணைப்பு அறுந்தும் விலகாமல், புதுக் கம்பி இழுத்து ஆட்டத்தை முடித்த ஓர் அணியைக் கற்பனை செய்யலாம். 'கம்பியை நீட்டினார்கள், ஆனால் கம்பி நீட்டவில்லை' என்றால் சிரிப்பும் தீர்ப்பும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. எல்லைப் பகுதிக்கே உரிய வளமும் உண்டு. 'செப்பு' தமிழில் செம்பு. தெலுங்கிலோ 'சொல்' என்னும் அன்றாட ஏவல். குரல் எழுப்பும் ரோபோவைச் செய்த அணிக்கு 'செப்பு என்றோம், செப்புக் கம்பி செப்பியது' என்று அறிவித்தால், அங்கே முதலில் சிரிப்பவர்கள் இருமொழிப் பிள்ளைகளாகவே இருப்பார்கள். பிற மேடைகளில் குறையாக எண்ணப்படும் மொழிக்கலப்பு இங்கே முன்னுரிமை ஆகிறது.

விளையாட்டு அணியின் பெயரோடும் எந்திரத்தோடும் நிற்க வேண்டும். பிள்ளைகளின் ஊர், உச்சரிப்பு, உருவம், பள்ளியின் வசதிக்குறைவு ஆகியவற்றைத் தொடும் 'செல்லக் கிண்டல்' ஒலிபெருக்கியில் செல்லமாக ஒலிப்பதில்லை. அரங்கு முழுவதும் கேட்ட கிண்டலை அந்தப் பள்ளி ஆண்டுக்கணக்கில் சுமக்கும்.

நடுவர்களுக்கு நேரமில்லை என்பது நியாயமான தடை. ஆனால் எந்திரத்தை மதிப்பிடும் பொறியாளரே சிலேடையும் எழுத வேண்டும் என்பது எந்தக் கட்டாயம்? திருப்பதியின் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் பயிலும் மாணவர் இருவரை நடுவர் அறைக்கு வெளியே அமர்த்தி, காரணக் குறிப்புகளை மட்டும் அவர்களிடம் தரலாம். இரு மொழி அறிவிப்பால் நேரம் இரட்டிக்கும், முதல் மொழியிலேயே புதிர் உடைந்துவிடும் என்ற அச்சமும் வேண்டியதில்லை. இரண்டு வாக்கியங்களும் பெயரில் முடிபவை. தமிழ்ப் பெயரெச்சத் தொடரைப் பெயரின்றி நிறுத்தி, உடனே தெலுங்குத் தொடரைப் படித்து, இரண்டுக்கும் பொதுவாக அணியின் பெயரை ஒரே ஒருமுறை சொன்னால் போதும்.