வந்தேறி செய்த பெட்டி

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓர் ஓக் மரப்பெட்டி இருக்கிறது. ஏறத்தாழ 350 வயது. மூடியைத் தூக்கித் திறந்து துணிமணி வைக்கிற பெட்டிதான். ஆனால் முகப்பில் வெற்றிடமே விடக்கூடாது என்று சபதம் எடுத்தவர்போல இலையும் கொடியும் பூவுமாகச் செதுக்கித் தள்ளியிருக்கிறார் ஒருவர். அமெரிக்கா என்ற நாடே பிறக்காத காலத்து வேலை. இதுபோன்ற பெட்டிகளைத் தூய அமெரிக்க மரபு என்று சொல்லி நூறு வருஷத்துக்கும் மேலாகக் கொண்டாடுகிறார்கள். அழகை நான் மறுக்கவில்லை. அந்தத் 'தூய' என்ற சொல்லைத்தான் மறுக்கிறேன்.

ஒரு வரியை யார் எழுதியது என்று தெரிய வேண்டுமானால் எங்கள் தொழிலில் 'கிட் பிளேம்' போட்டுப் பார்ப்போம். இந்தப் பெட்டிக்கும் போட்டுப் பார்க்கலாம். வில்லியம் சேர்ல் என்ற தச்சரின் வேலையாக இதைக் கருதுகிறார்கள். அவர் இங்கிலாந்தில் டெவன் பகுதியின் ஆட்டரி செயின்ட் மேரி ஊர்க்காரர். 1660களில் மாசசூசெட்ஸின் இப்ஸ்விச் ஊரில் தொழில் செய்தார், 1667இல் இறந்தார். அவர் மனைவி கிரேஸை மணந்துகொண்ட தாமஸ் டென்னிஸும் தச்சர்தான். 1706 வரை வாழ்ந்தவர், அதே பாணியைத் தொடர்ந்தவர். 1930களில் இர்விங் லயன் என்ற ஆய்வாளர் இந்தப் பாணியில் கிடைத்ததை எல்லாம் டென்னிஸ் கணக்கில் எழுதிவிட்டார். அதைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால் சேர்லோ டென்னிஸோ, இந்த இலையும் கொடியும் டெவன் மரவேலையின் இலையும் கொடியும்தான். மரம் மட்டும் அமெரிக்க மரம். பச்சை ஓக்கை ஆப்பு அடித்துப் பிளந்து, சட்டத்தின் முனையைச் சீவி இன்னொன்றின் துளைக்குள் செருகி, குறுக்கே மர ஆணி அறைந்து இறுக்குகிற முறையும் கப்பலில் வந்ததுதான்.

சுருக்கமாகச் சொன்னால், இது வந்தேறி செய்த பெட்டி. இந்தச் சொல் நம் ஊரில் யார்மீதெல்லாம் வீசப்படுகிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

பிறகு எப்படி இது 'மண்ணின் மரபு' ஆனது? பெட்டிகள் தானாக அப்படி ஆகவில்லை. ஆக்கினார்கள்.

1921இல் வாலஸ் நட்டிங் ஒரு பெரிய புத்தகம் போட்டார். 1620 முதல் 1720 வரையிலான மரச்சாமான்கள் அத்தனையையும் பில்கிரிம் நூற்றாண்டு என்ற ஒரே தலைப்புக்குள் அடைத்தார். பில்கிரிம் என்பது மேஃப்ளவர் கப்பலில் பிளிமத்துக்கு வந்த கூட்டத்தைக் குறிக்கும் பெயர். கப்பலில் இருந்தது சுமார் 100 பேர். சேர்லும் டென்னிஸும் பிளிமத்துக்காரர்கள் இல்லை. 40 வருஷம் கழித்து, வேறு குடியேற்றத்தில் கடை விரித்தவர்கள். இருக்கட்டுமே, பில்கிரிம் என்றால் ஒரு புனித வாசனை வருகிறதே!

அடுத்தது 1924. மே மாதம் ஜான்சன்-ரீட் சட்டம் கையெழுத்தானது. இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் அதிகம் வந்துவிட்டார்கள் என்று, 1890 கணக்கெடுப்பை அளவுகோலாக வைத்து நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு போட்டார்கள். இந்தியர்களுக்குக் கதவு 1917லேயே சாத்தியாயிற்று. 1946இல் வருஷத்துக்கு 100 பேர் என்று ஒரு இடுக்கு மட்டும் திறந்தார்கள். அதே 1924 நவம்பரில் மெட்ரோபாலிட்டனின் அமெரிக்கப் பிரிவு திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான ஆர். டி. ஹெச். ஹால்சி, வெளியிலிருந்து புகும் அந்நியக் கருத்துகள் குடியரசை அச்சுறுத்துகின்றன என்று வெளிப்படையாகவே பேசினார். வந்தவர்களுக்குப் பாடம் நடத்த வைக்கப்பட்ட சாமான்களில் வந்தவன் செய்த பெட்டியும் ஒன்று. வேலை விசாவோடு அங்கே போகிற எனக்கு இது சிரிப்பாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

பெட்டியின் உடம்பையும் விட்டுவைக்கவில்லை. இவற்றில் பல, செய்தபோது வண்ணம் பூசப்பட்டவை. மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹன்னா பர்னார்ட் அலமாரியைப் பாருங்கள்: பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, திருவிழாக் கடை மாதிரி இருக்கும். ஆனால் பழைய சேகரிப்பாளர்கள் பல சாமான்களின் வண்ணத்தைச் சுரண்டிப் பழுப்பு மெருகு ஏற்றினார்கள். தாத்தா என்றால் அடக்கமாக இருக்க வேண்டுமாம்.

இந்த ஆசை எவ்வளவு கண்ணை மறைக்கும் என்பதற்கும் அதே ஃபோர்டு அருங்காட்சியகம்தான் சாட்சி. 1969இல் ரோட் ஐலண்ட் சிற்பி ஆர்மண்ட் லாமொன்டேன், பில்கிரிம் தலைவர் வில்லியம் புரூஸ்டர் பெயரால் வழங்கும் நாற்காலி ஒன்றைப் புதிதாகச் செய்து, பழசாக்கி, வெளியே விட்டார். அருங்காட்சியகம் 9,000 டாலர் கொடுத்து வாங்கியது. துளைகளை வேண்டுமென்றே நவீனத் துளைக்கருவியால் போட்டிருந்தார். 1977இல்தான் குட்டு உடைந்தது. நிபுணர்கள் முட்டாள்கள் அல்ல. மேஃப்ளவர் தாத்தாவின் நாற்காலி கிடைக்காதா என்று ஏங்கியவர்கள், அவ்வளவுதான்.

அவர்கள் சேகரிக்காவிட்டால் எல்லாம் விறகாகியிருக்குமே என்பார்கள். உண்மை. நன்றி. காப்பாற்றியதற்காகக் கதையையும் அவர்கள் இஷ்டப்படியே விட்டுவைக்க வேண்டியதில்லை.

சேர்லையும் என்னையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்றும் கேட்கலாம். கூடாதுதான். நான் தூதரக வரிசையில் நின்று வந்தவன். சேர்ல் வந்து இறங்கிய இப்ஸ்விச், அகவாம் மக்களின் நிலம். அவர்கள் தலைவர் மாஸ்கோனோமெட்டிடமிருந்து 1638இல் 20 பவுண்டுக்கு எழுதி வாங்கியது. விசா கேட்க அங்கே அலுவலகம் இல்லை. அந்த மண்ணின் மரபு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை யாருக்காவது உண்டென்றால் அது மாஸ்கோனோமெட்டின் மக்களுக்கு மட்டும்தான்.

பெட்டியை அகற்றச் சொல்லவில்லை. பக்கத்து அட்டையில் மூன்று வரி சேர்க்கச் சொல்கிறேன்: செய்தவர் டெவனிலிருந்து வந்தவர். மரம் அகவாம் நிலத்தில் வளர்ந்தது. பூ, அவர் விட்டுவந்த ஊரின் பூ.